‘சப்பர்ஸ் ரெடி’ கடைசியில் மட்டும் கரகரப்பு: ஊசியா, தட்டா?

கல்லூரிக் காலத்திலிருந்தே ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் வெறியன் நான். அதிலும் பீட்டர் கேப்ரியல் பாடிய காலம். 1972-இல் வந்த அவர்களின் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ எல்பி (வினைல் இசைத்தட்டு) போன மாதம் சென்னையில் பழைய தட்டாகக் கிடைத்தது. இரண்டாம் பக்கம்தான் பிரச்சினை. ‘ஹொரைசன்ஸ்’ சுத்தமாக ஒலிக்கிறது. அடுத்து வரும் 23 நிமிடப் பாட்டான ‘சப்பர்ஸ் ரெடி’ தட்டின் நடுவிலுள்ள லேபிளை நெருங்க நெருங்க, கேப்ரியல் உச்சத்தில் பாடும் இடத்தில் குரல் கிழிகிறது. ‘ஸ’ வரும் இடமெல்லாம் கரகரப்பு, வலது ஸ்பீக்கரில் அதிகம். மொத்தப் பாட்டும் எந்த இடத்துக்காகக் காத்திருக்கிறதோ, சரியாக அங்கே!

பிளேயர் ஏடி-எல்பி120எக்ஸ், கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) விஎம்95இ, எலிப்டிகல் (நீள்வட்ட முனை) ஊசி. மற்ற தட்டுகள் நன்றாகவே ஓடுகின்றன. ஊசி தட்டை அழுத்தும் எடையைத் தராசு வைத்து 2 கிராமுக்குக் கொண்டுவந்தேன். புரோட்ராக்டரில் கார்ட்ரிட்ஜின் கோண அலைன்மென்ட் பார்த்தாயிற்று. ஊசிக்கை உள்நோக்கி இழுபடுவதைச் சமன்செய்யும் ஆன்டி-ஸ்கேட்டைக் கூட்டிக் குறைத்தும் பார்த்தேன். தட்டை டிஸ்டில்ட் வாட்டரில் கழுவியதில் டிக் டிக் சத்தம் போனது, கரகரப்பு போகவில்லை. ஒப்பிட அவர்களின் இன்னொரு எல்பியான ‘செல்லிங் இங்கிலாந்து பை த பவுண்ட்’ போட்டேன். அதன் இரண்டாம் பக்கம் அமைதியாக முடிவதால் ஒன்றும் தெரியவில்லை.

உள்வட்டத்தில் தடம் ஊசியைக் கடக்கும் வேகம் குறைவு, நீளமான பக்கங்களில் இது சகஜம் என்பது தெரியும். இன்னும் நுண்ணிய முனை கொண்ட மைக்ரோலைன் ஊசி இதே கார்ட்ரிட்ஜில் பொருந்தும், ஆனால் விலை கடிக்கிறது.

அதை வாங்கும் முன், தடமே தேய்ந்துவிட்டதா, இல்லை என் ஊசிதான் திணறுகிறதா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?