குரங்கா பாசியா, காசு எதுக்கு மொதல்ல?

கல்லிடை அப்பளம்: திபெத்துல டக்காக்கியான்னு ஒரு பாசி (moss) அழியுதாம், நம்ம சிங்கவால் குரங்குக்கு உள்ள அதே அக்கறை அதுக்கும் வேணுமாம். கேக்க நல்லாத்தான் இருக்கு வே. ஆனா 1976ல களக்காடு சரணாலயம் வந்ததே இந்தக் குரங்குக்காகத்தான், பாசிக்காக எவன் காட்டுக்குக் காவல் போடுவான்? இந்தக் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா உலகத்துல வேற எங்கயும் கெடையாது, காட்டுல மொத்தமே 4000க்குள்ளதான், குட்டி போடுததும் ரொம்ப மெதுவா. குரங்கக் காப்பாத்துனா காடு நிக்கும், காடு நின்னா பாசி தன்னால பொழைச்சிக்கிடும்.

பாணதீர்த்தம்: தன்னால பொழைக்காது அண்ணாச்சி. வால்பாறை புதுத்தோட்டத்துல பாருங்க, காடு துண்டாயி சுத்தி தோட்டமும் வீடுமா இருக்கு, ஆனா குரங்கு ரோட்டத் தாண்டுது, வீட்டுக்குள்ள பூந்து திங்குது, அதுக்கு மரத்துக்கு மரம் பாலம் வேற கட்டிக் குடுத்திருக்காவ. பாசிக்கு வேரும் கெடையாது காலும் கெடையாது, இலை வழியாத்தான் தண்ணி, ஆண் அணு முட்டைக்கு நீந்திப் போவதுக்கே ஈரம் வேணும், நிழல்ல வளருத சாதிக்கு மரத்த வெட்டி வெயில் உள்ள வந்துட்டா சோலி முடிஞ்சிது. நீங்க குரங்கு எண்ணிக்கை சரியா இருக்குன்னு ரிப்போர்ட் எழுதிக்கிட்டு இருப்பீய.

கல்லிடை அப்பளம்: எங்க கெணத்துச் செவத்துல பாசி வெயில்ல கருகிக் கெடக்கும், ஒரு மழைக்குப் பச்சையாயிரும். இதுக்குப் போயி அழுவுதியளே.

அம்பை டீச்சர்: கெணத்துச் செவுத்துப் பாசியும் மலை மேல கக்காச்சி சோலைக் காட்டுல உள்ளதும் ஒண்ணாய்யா? டக்காக்கியா வம்சம் 39 கோடி வருசப் பழசு, இமயமலை எழும்புனதையே தாங்குனது, இப்ப ஏறுத சூட்டுல கொறைஞ்சிக்கிட்டே வருதுன்னு 2023ல ஆராய்ச்சி வந்துச்சு. அங்கன எந்தக் குரங்க வச்சு அதக் காப்பாத்துவீய?

கல்லிடை அப்பளம்: அதத்தான் டீச்சர் நானும் சொல்லுதேன். அங்க எதிரி சூடு, வேலி போட்டு நிறுத்த முடியாது. இங்க எதிரி கோடாலியும் ரோடும், நிறுத்தலாம். இருக்குத காசுக்கு நடக்குத காரியத்தப் பாக்கணும்லா.

பாணதீர்த்தம்: தனியா காசு யாரு கேட்டா? குரங்கு வெடிப்பலாக் கொட்டைக்கு வாரப்ப எண்ணத்தான போறிய, அந்த மரத்துத் தூருல பாசி இருக்கா காஞ்சிட்டான்னும் எழுதிட்டு வாங்கன்னுதான் சொல்லுதேன்.

கல்லிடை அப்பளம்: எழுதலாம், பேரு சொல்ல ஆளு வேணும்லா. குரங்குன்னா வாச்சரே சொல்லிருவாரு, பாசிக்கு லென்ஸ் புடிச்சுல்லா பாக்கணும்.

அம்பை டீச்சர்: காலேஜ்ல தாவரவியல் படிக்கிற புள்ளைய இருக்குல்லா, கூட்டிட்டுப் போங்க.

மேலப்பாளையத்தான்: குனிஞ்சு பாத்தா அட்டை ஏறும் டீச்சர், அதான் எல்லாரும் குரங்கப் பாக்குதேன்னு அண்ணாந்துக்கிட்டே போறாவ 😂