கூல் புகையிலையை விடணும்ங்கான், மறுநாள் மாட்டேங்கான்: 17 வயசுப் பையனை எப்படிக் கொண்டுவர?

கடற்கரை கோச் (தூத்தூர் பக்கம்):
நம்ம ஃபுட்பால் டீம்ல ஒரு பிளஸ் டூ பையன். ஒரு நாளைக்கு ஏழெட்டு கூல் பை (சின்னப் புகையிலைப் பொட்டலம்) உதட்டுக்குள்ள வைக்கான், எழும்பின உடனே ஒண்ணு. விடணும்னு அவனே சொல்லுதான். பிறகு "பரீட்சை முடியட்டும் சார், இப்ப விட்டா மண்டை வெடிக்கும்"ங்கான். அப்பா ஆழ்கடல் போட்ல. அம்மைகிட்ட சொல்லாதீங்கங்கான். எங்கேருந்து தொடங்க?

தக்கலை பார்மசி:
எழும்பி அரைமணி நேரத்துக்குள்ள தேவைப்படுதுன்னா புகையிலையில உள்ள நிக்கோட்டின் நல்லா பிடிச்சாச்சு. விட்ட ரெண்டாம், மூணாம் நாள்தான் உச்சம்: எரிச்சல், தலைவலி, தூக்கம் வராது, படிப்புல மனசு நிக்காது. ரெண்டுலேருந்து நாலு வாரத்துல அடங்கும். அதனால பரீட்சைங்கிறது முழுக்க சாக்கு இல்ல. பரீட்சைக்கு ஒரு மாசத்துக்கு மேல இருந்தா விடுறதுக்கு இப்பவே நாள் குறிங்க.

புகையிலைக்குப் பதிலா மெல்லுற நிக்கோட்டின் கம் 2 மி.கி. மருந்துக் கடையில கிடைக்கும். 18க்குக் கீழன்னா டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்க. கெடுறது மெல்லுறதுலதான். மிட்டாய் மாதிரி மென்னு எச்சிலை விழுங்கினா விக்கலும் வயித்தெரிச்சலும்தான் மிச்சம். காரம் ஏறுற வரை மெதுவா மெல்லணும், பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கணும், காரம் போனா மறுபடி மெல்லணும். அரைமணி நேரம் இப்படி. காபி, எலுமிச்சம்பழ சர்பத் குடிச்ச 15 நிமிஷத்துக்குள்ள போட்டா அந்தப் புளிப்புல மருந்து ஏறாது.

மார்த்தாண்டம் கவுன்சலர்:
"விடுவியா மாட்டியா"ன்னு கேட்டா மாட்டேன்னுதான் வரும். "விடணும்ங்கிற எண்ணம் பத்துக்கு எத்தனை?"ன்னு கேளுங்க. நாலுங்கான்னா, ஏன் பத்து இல்லன்னு கேக்காதீங்க, "ஏன் ஒண்ணுன்னு சொல்லல?"ன்னு கேளுங்க. வாய் எரியுது, காசு போகுது, அம்மைன்னு காரணத்தை அவனே எடுத்து வைப்பான். நம்ம அட்வைஸைவிட அதுதான் நிக்கும்.

சனி, ஞாயிறுல தொடங்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க. கூட்டாளிங்க கூடுறது கிரவுண்டு படிக்கட்டுலன்னா லீவு நாள்தான் ஆபத்து! எத்தனை மணிக்கு, யாரோட, எங்க வைக்கான்னு மூணு நாள் குறிக்கச் சொல்லிட்டு, விடுற நாளை முடிவு பண்ணுங்க. ஆசை வந்தா அஞ்சு பத்து நிமிஷம் தாக்குப்பிடிச்சா இறங்கிரும். தண்ணி, கிராம்பு, ஒரு ரவுண்டு நடை போதும்.

ரகசியத்துக்கு முழு வாக்கு குடுக்காதீங்க. போதை மாத்திரை, குடி, சாகணும்ங்கிற நினைப்புன்னா வீட்ல சொல்லுவேன்னு முதல்லயே சொல்லிருங்க. தினசரி குடியோ தூக்க மாத்திரையோ சேர்ந்திருந்தா சட்டுனு நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். டாக்டர்கிட்டதான் போகணும்.

பல் டாக்டர், நாகர்கோவில்:
பை வைக்கிற இடத்துல உதட்டை மடக்கிப் பாருங்க. துடைச்சாலும் போகாத வெள்ளைத் திட்டு, ரெண்டு வாரத்துல ஆறாத புண், மூணு விரல் நுழையாத வாய், எது இருந்தாலும் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போங்க. பாக்கும் போடுறானான்னு கேளுங்க, வாய் இறுகுறதுக்கு முக்கியக் காரணம் அதுதான்.

கடற்கரை கோச்:
போன்ல பேச ஆள் உண்டா? அவனுக்குக் கூல் விக்கிற கடைக்காரரை என்ன செய்ய?

மார்த்தாண்டம் கவுன்சலர்:
புகையிலை விட 1800-11-2356, இலவசம், தமிழ்ல பேசலாம். மனசு சரியில்லன்னா 14416, ராத்திரியும் எடுப்பாங்க. 18 வயசு ஆகாத பிள்ளைகளுக்குப் புகையிலை குடுத்தா இளைஞர் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவுல 7 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம். புகார் குடுங்க, ஆனா கடையை அந்தப் பையனை வச்சுக் காட்டிக் குடுக்க வைக்காதீங்க. பிறகு உங்க பக்கமே வர மாட்டான்.