பாக்கு, புகையிலை, வாய்ப்புண்: உங்கள் ஊரில் நோயாளி என்ன சொல்லி வருகிறார்?

திருப்பூர், பல் மருத்துவர்:

பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்கான முகாம்களில் வாய் பார்க்கிறேன். பாக்கு மென்று மென்று கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, நார் நாராக இறுகிப்போகும் நோயைத்தான் அதிகம் காண்கிறேன். நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். குழம்பு, ரசம் எதையும் வாயில் வைக்க முடியவில்லை, எரிகிறது என்பார்கள். பீகார், ஒடிசாப் பையன்கள் அதே நோயோடு வரும்போது வாய்க்குள் இரண்டு விரல்கூட நுழையாது. சாதாரணமாக அவரவர் விரல் மூன்றை அடுக்கி நுழைக்கலாம். எரிச்சல் அவர்களுக்கும் முன்பே இருந்திருக்கிறது. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும், டாக்டரிடம் பேச பாஷை இல்லை, அதனால் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மனசைப் பற்றிக் கேட்பது இன்னும் சிரமம். மொழிபெயர்க்க வருபவர் பெரும்பாலும் சூப்பர்வைசர். அவர் முன்னால் தூக்கம் வருகிறதா, பயமாக இருக்கிறதா என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே பதில். ஒரு பையன், அவர் வெளியே போன நேரத்தில், அம்மாவுடன் வீடியோ காலில் பேசுவதையே நிறுத்திவிட்டதாகச் சொன்னான். சிரித்தால் வாய் திறக்காதது தெரிந்துவிடுமாம். குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை வந்தது. இன்னமும் ஒளித்து விற்கிறார்கள், இவர்கள் ஒளிந்து போடுகிறார்கள். நோய் வந்தால் அதையும் ஒளிக்கத்தான் தோன்றுகிறது. உங்கள் பக்கம் எப்படி?

இலங்கை அட்டன், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை:

எங்க மலையகத்துல ஒளிக்கிற பேச்சே இல்லை டொக்டர். அம்மா கொழுந்து எடுக்கிறவங்க. காலையில பேர் குடுக்கிற பெரட்டுக்குப் போறப்பவே மடியில வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை இருக்கும். மழையில, குளிர்ல பசி தெரியாம நிக்க அதுதான் துணை. கன்னத்துக்குள்ள வெள்ளையாப் படர்ந்திருந்தது. வலி இல்லை, அதனால ஆஸ்பத்திரி நினைப்பே வரல்ல. பல்லுப் புடுங்கப் போன இடத்துல டொக்டர் கண்டுபிடிச்சார். சதை எடுத்துச் சோதிச்சதுல புற்று இல்லைன்னு வந்தது.

இலங்கையில ஆம்பிளைகளுக்கு வர்ற புற்றுநோய்ல வாய்ப்புற்றுதான் முதல். மஹரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொன்னாலே நாங்க இருக்கிற லயத்து வரிசை வீடெல்லாம் அழும். அம்மா அப்ப அழல்ல. வெத்தலையை விட்ட பிறகுதான் உடைஞ்சாங்க. தேத்தண்ணி நேரத்துல எல்லாரும் ஒரே வெத்தலைப் பையில கைவிட்டுக் கதைக்கிறப்ப இவங்க தள்ளி உட்காருவாங்க. ராத்திரியில தூக்கமில்லை, சோறு இறங்கல்ல. கிளினிக்ல வெத்தலையை விட்டீங்களான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டாங்க. விட்டதுக்கப்புறம் யாரோட உட்கார்றீங்கன்னு ஒருத்தரும் கேக்கல்ல. எனக்கு இன்னமும் அது ஆறல்ல. பக்கத்துக் காம்பராப் பெரியம்மாவும் இப்ப விட்டுட்டாங்க. ரெண்டு பேருமா அவிச்ச கடலை கட்டிக்கிட்டுப் போறாங்க, அதுக்குப் பிறகு அம்மா முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு.

விசாகப்பட்டினத்தில் வேலை பார்த்த நர்ஸ்:

ஸ்ரீகாகுளம் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் வயதான பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிப்பார்கள். சூடு மேலண்ணத்தில் படுவதால் அங்கே வெளுத்து, சிவப்புப் புள்ளி தெரியும். புற்றும் அங்கேதான் வரும். நம் பக்கம் வெற்றிலையை அடக்கும் கன்னத்தில் வருவதற்குச் சூடு காரணமில்லை, பாக்கும் புகையிலையும் அங்கேயே ஓயாமல் படுவதுதான். எரிகிறதா அம்மா என்றால் சிரிப்பார்கள். அம்மா, பாட்டி எல்லாரும் இப்படித்தான் பிடித்தார்கள் என்பதால் கூச்சம் துளியும் இல்லை. விடச் சொன்னால்தான் முகம் மாறும்.

சென்னை, நோயாளி:

நான் திருப்பூர் பையன் மாதிரி. நைட் ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்கப் பாக்குப் பொட்டலம் பழகியது. இப்போது கல்யாணப் பந்தியில் உட்காருவதில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டதை எல்லாரும் கவனித்தார்கள். அன்றிரவு செத்துவிடலாம் போல இருந்தது. அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டேன், தமிழிலேயே பேசினார்கள், பணம் கிடையாது. அவர்கள் சொல்லித்தான் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

கன்னத்தில் ஊசி போட்ட பிறகு எரிச்சல் குறைந்திருக்கிறது. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்து வாய் திறக்கும் பயிற்சி செய்கிறேன். எரிச்சல்தான் இல்லையே, நிறுத்தலாமா டாக்டர்?

திருப்பூர், பல் மருத்துவர்:

நிறுத்தாதீர்கள் தம்பி. நிறுத்தினால் மறுபடி இறுகும். பாக்கு விட்ட பிறகும் சிலருக்கு இது புற்றாக மாறுகிறது, அதனால் எரிச்சல் இல்லாவிட்டாலும் டாக்டர் சொன்ன தேதிக்குத் தவறாமல் போய்க் காட்டுங்கள். முதல் தடவை அண்ணனையும் கூட்டிப் போங்கள்.