1584-க்குப் பின்னால் வரும் 76

கேப் டவுன்காரன்:

கன அயனி மோதல் (ஈயம் போன்ற கனமான அணுக்கருக்களை மோதவிடும்) ஆய்வில் இருப்பவர்களும், அதைப் பிறருக்கு விளக்கிக் களைத்தவர்களும் இங்கே எழுதலாம். நானே தொடங்கிவைக்கிறேன்.

டர்பனில் ஓர் உறவினர் கல்யாணம். சமையலறைப் பொறுப்பில் இருந்த பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, செர்னில் உனக்கு என்னதான் வேலை?" ஈய அணுக்கருக்களை மோதவிட்டு, தெறிக்கும் துகள்களை எண்ணுகிறோம் என்றேன். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் ஆய்வுக்கூடத்தின் ஆலிஸ் கருவி 2010 நவம்பரில் முதன்முதலாக அப்படி எண்ணியதையும் சொன்னேன். ஒரு நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) இணைக்கு 2.76 டெரா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல். நேருக்கு நேரான மோதல்களின் நடுப்பகுதியில், சூடோரேப்பிடிட்டி என்னும் கோண அளவின் ஓரலகுக்கு 1584 மின்னூட்டத் துகள்கள்.

"நாங்கள் எச்சில் இலையை எண்ணிப் பந்திக் கணக்குச் சொல்வோம். சாப்பிடாமல் போனவனை நீ எப்படிச் சேர்ப்பாய்? இரண்டு பந்தியில் உட்கார்ந்தவனை எப்படிக் கழிப்பாய்?"

கருத்தரங்குகளில்கூட இவ்வளவு நேராக யாரும் என்னிடம் கேட்டதில்லை. அந்த முடிவை முழுதாக எழுதினால் 1584 ± 4 ± 76. நடுவில் உள்ள 4 புள்ளியியல் பிழை. இன்னும் பல மோதல்களைச் சேர்த்தால் சுருங்கிவிடும். 76 என்பது எண்ணும் முறையிலிருந்தே வரும் பிழை; அது அப்படிச் சுருங்காது. பெரியவரின் இரண்டு கேள்விகளும் அதற்குள்தான் இருக்கின்றன.

அன்று எண்ணியது மோதல் புள்ளிக்கு மிக அருகில், 3.9 மற்றும் 7.6 சென்டிமீட்டர் ஆரத்தில் இருந்த இரண்டு சிலிக்கான் பிக்சல் அடுக்குகள். அடுக்குக்கு ஒரு புள்ளியாக எடுத்து, மோதல் நடந்த இடத்தோடு நேர்க்கோட்டில் வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் அது ஒரு துகளின் தடம். ஆனால் நேர் மோதலில் புள்ளிகள் மொய்க்கின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு புள்ளிகளும் தற்செயலாகக் கோட்டில் அமைந்துவிடும். இப்படிப்பட்ட பொய்த் தடங்களைத் தனியே மதிப்பிட்டுக் கழிக்க வேண்டும். வேலை செய்யாத பிக்சல்கள் இருக்கும் திசையில் தவறவிட்டவற்றையும், வேகம் குறைந்து வழியிலேயே நின்றுவிட்டவற்றையும் கூட்ட வேண்டும். லாம்ப்டா என்னும் துகள் சில சென்டிமீட்டர் ஓடிய பிறகு புரோட்டானாகவும் பையான் என்னும் இலேசான துகளாகவும் உடைகிறது. அந்த இரண்டும் கருவியில் பதிந்தாலும் கணக்கில் சேரா; மோதலில் நேரடியாகப் பிறந்தவற்றைத்தான் எண்ண வேண்டும் என்பது வரையறை.

செய்தித்தாள்கள் 1584-ஐ மட்டும் அச்சிட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது எனக்கு எரிச்சல். உழைப்பெல்லாம் அந்த 76-இல் போயிருக்கிறது.

சாட்ஸ்வர்த் ஆசிரியை:

என் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டதை எழுதுகிறேன். ஈய அணுக்கருவில் 208 நியூக்ளியான்கள். இரண்டுக்கும் சேர்த்து 416. "அப்படியானால் டீச்சர், 1584 எங்கிருந்து வந்தது?" ஆற்றல்தான் நிறையாக மாறுகிறது என்றேன். அதிகம் பிறப்பவை பையான்கள். ஒன்றின் நிறை புரோட்டானுடையதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. ஆகவே மலிவாகப் பிறக்கின்றன. எல்லாத் திசைகளையும் சேர்த்தால் மின்னூட்டத் துகள்கள் மட்டுமே சுமார் 17,000 என்றதும் பையன் வாயைப் பிளந்தான். மறுநாளே அடுத்த கேள்வியோடு வந்துவிட்டான்: "அந்த 1584-இல் பழைய 416-உம் சேர்த்தியா?" யாராவது பதில் சொல்லுங்கள்.

பீனிக்ஸ் பெண்:

நான் மியூவான் பக்கம்; மியூவான் என்பது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆலிஸில் சேர்ந்த கேப் டவுன் பல்கலைக்கழகமும் ஐதெம்பா ஆய்வகமும் முக்கியமாக உழைத்தது இந்தப் பகுதியில்தான். எங்கள் வேலை உங்களுடையதற்கு நேர் எதிர். கரி, கான்கிரீட், எஃகு ஆகியவற்றால் ஆன நான்கு மீட்டர் தடுப்பை முன்னால் வைத்து, ஏறக்குறைய எல்லாத் துகள்களையும் விழுங்கவிடுகிறோம். தப்பி வருபவை பெரும்பாலும் மியூவான்கள்.

ஊருக்குப் போனபோது ஆயாவிடம் இதைச் சொன்னேன். "பிள்ளைகளை எல்லாம் வெளியே நிறுத்திவிட்டு, சுவர் ஏறிக் குதித்தவனை மட்டும் தேடுகிறாயா?" என்று சிரித்தார்.

தேடுவது ஜே/சை துகளை; சார்ம் என்னும் வகைக் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தது அது. நூற்றில் ஆறு மட்டுமே இரண்டு மியூவான்களாக உடைகின்றன. புரோட்டான் போன்றவற்றுக்குள் கட்டுண்டிருக்கும் குவார்க்குகள் தளையின்றித் திரியும் சூட்டில் ஜே/சை கரைந்துவிடும் என்று மட்சுயியும் சாட்ஸும் 1986-இல் சொன்னார்கள். ஆற்றல் கூடினால் இன்னும் குறையும் என்று பலர் எதிர்பார்த்திருக்க, செர்னில் அமெரிக்காவின் தங்க மோதல்களில் கண்ட அளவுக்குக்கூடக் குறையவில்லை. சார்ம் குவார்க்குகள் அவ்வளவு ஏராளமாகப் பிறப்பதால் மீண்டும் கூடிக்கொள்கின்றன என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். எங்கள் பிழைக் கணக்கு தளர்வாக இருந்திருந்தால் இந்த வேறுபாடு கண்ணிலேயே பட்டிருக்காது.

ஜோகன்னஸ்பர்க் வாசி:

மியூவான்களைப் பதியும் அறைகளில் முன்பு மின்சமிக்ஞைகளைப் படித்த மானஸ் சிப் கொல்கத்தா சாகா நிறுவனத்தின் ஆக்கம் என்பதையும் சொல்லுங்கள். மேம்படுத்தலுக்குப் பிறகு அந்த இடத்துக்கு சாவ் பாவ்லோவில் வடிவமைத்த சாம்பா என்னும் சிப் வந்துவிட்டது.

கேப் டவுன்காரன்:

ஆசிரியை அம்மாவுக்குப் பதில். முதலில், 416-உம் மோதுவதில்லை. மிக நேரான 5 சதவீத மோதல்களில் சராசரியாக 383 பங்கேற்கின்றன. எவ்வளவு நேராக மோதின என்பதை யாரும் குறிபார்த்து அமைக்க முடியாது. துகள் பட்டால் ஒளிரும் சிண்டிலேட்டர்கள் அன்று இரு பக்கமும் இருந்தன; அவற்றின் ஒளி அளவை வைத்து, மோதல் முடிந்த பிறகு தரம் பிரித்தோம்.

அந்த 383-இலும் பெரும்பாலானவை வந்த திசையிலேயே முன்னோக்கிப் போய்விடுகின்றன. அதற்குச் சான்று உண்டு: நடுப்பகுதியில் புரோட்டான்களும் எதிர்ப்புரோட்டான்களும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் கிடைக்கின்றன. ஈயம் எதிர்ப்புரோட்டான் எதையும் கொண்டுவரவில்லை. பழைய புரோட்டான்கள் அங்கே கணிசமாகத் தங்கியிருந்தால் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஆகவே பையனிடம் சொல்லுங்கள்: அந்த 1584 ஏறக்குறைய முழுவதும் புதிதாகப் பிறந்தவை.