பூக்குழியில் இறங்கும் முன் கால் துடைக்க வேண்டுமா?

பங்சார்வாசி:
ஆடித் தீமிதித் திருவிழாவுக்காக மலேசியாவின் செபராங் பிறையில் ஒரு தோட்டக் கோவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்த்தேன். "பூக்குழி இறங்குவோர் பாதத்தைத் துணியால் துடைத்துவிட்டே இறங்க வேண்டும்." யார் எழுதிய விதி இது? ஈரக் கால்தான் பாதுகாப்பு. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு ஓடுமே, அது ஆவியின் மேல் ஓடுகிறது. 1756-இலேயே லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்த விஷயம். குழி வாசலில் மஞ்சள்நீர் அண்டா வைப்பதே அதற்குத்தான். அதை எடுத்துவிட்டுத் துண்டு வைக்கிறார்களாம்!

கங்குக்காரன்:
தோசைக்கல் இரும்பு. கங்கு கரி. இரும்பு சூட்டைச் சட்டென்று கடத்தும், கரி கடத்தாது. மேலே 500 டிகிரி இருந்தாலும் ஒரு மிதி அரை விநாடிதான் என்பதால் பாதத்துக்குள் இறங்கும் சூடு கொஞ்சம். நடப்பவரைக் காப்பது இதுதான், தண்ணீர் அல்ல. ஈரக் காலில் கங்கு ஒட்டும். ஒட்டிய கங்கு அரை விநாடியில் விடாது, அடுத்த மிதியிலும் கூடவே வரும். விரல் இடுக்கில் மாட்டினால், குழி முடிவில் கால் நனைக்கும் பால்குழி போய்ச் சேருவதற்குள் கொப்புளம். 1935-இல் இங்கிலாந்தில் ஹாரி பிரைஸ் என்ற அமானுஷ்ய ஆய்வாளர் நடத்திய சோதனையில் குடா பக்ஸ் என்ற மாயவித்தைக்காரர் நெருப்பில் நடந்தார். முதலில் காலைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் இறக்கினார்கள். உங்கள் ஆவி அன்றைக்கு எங்கே போயிற்று?

வேப்பிலை:
காப்புக் கட்டி விரதம் இருந்து, ஆற்றில் மூழ்கி, ஈரத் துணியோடு கரகத்தின் பின்னால் வருகிறவர்களிடம் துண்டை நீட்டுவீர்களா? மஞ்சள்நீர் அம்மனுக்கானது. அதில் விஞ்ஞானமும் வேண்டாம், இங்கிலாந்தும் வேண்டாம்.

கங்குக்காரன்:
குளிக்க வேண்டாம் என்று எவன் சொன்னான் அக்கா? மஞ்சள்நீரைத் தலையில் ஊற்றுங்கள், தோளில் ஊற்றுங்கள். பாதத்தைத் துடையுங்கள் என்கிறேன். ஆற்றிலிருந்து செம்மண் சாலையில் ஈரக் காலோடு வந்தால் மண்ணும் பொடிக்கல்லும் ஒட்டிக்கொண்டு வரும். அதன்மேல் வாசலில் தண்ணீர் ஊற்றினால் சகதி. முப்பது பேர் இறங்குவதற்குள் முதல் இரண்டடிக் கங்கு நனைந்து கறுத்துவிடும். மேலே கறுப்பு, உள்ளே சிவப்பு. ஆறிவிட்டது என்று நினைத்து அங்கேதான் தயங்கி நிற்பார்கள், அங்கேதான் சுடும்.

பாக்காவ்லோரி:
ஈரக் காலா காய்ந்த காலா என்று அடித்துக்கொள்வதற்கு முன்னால் என்ன கட்டை போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். கித்தா, அதாவது ரப்பர் கட்டை சீக்கிரம் எரிந்து சாம்பலாகிவிடும். பாக்காவ் சதுப்புநில மரம், கனமான கட்டை, கங்கு நின்று எரியும். கோலா செபத்தாங் கரிச்சூளைகள் சும்மாவா அதையே எரிக்கின்றன? பேராக்கின் மாத்தாங் காட்டில் முப்பது வருடச் சுழற்சியில் வெட்டி வருவது அது.

கங்குக்காரன்:
நின்று எரிவதுதான் பிரச்சினையே. பாக்காவ் கங்கு கெட்டி, சூடு அதிகம். கித்தாவுக்கு எரிக்கும் அதே நேரக் கணக்கில் பாக்காவை எரித்து இறக்கினால் பாதம் போச்சு. கித்தா மரங்களை அழித்துச் செம்பனை வைத்த பிறகு கட்டைக்கு அலைகிறோம், உண்மைதான். அதற்காக இப்போது தொழிற்சாலைப் பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து கொட்டுகிறார்களே, அதைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா? பலகை முழுக்க ஆணி. பலகை எரிந்துபோகும், ஆணி குழியில் கிடக்கும். இரும்பு கரியைப் போல் பொறுக்காது, மிதித்த இடத்தில் ஆணியின் அளவுக்கே தழும்பு விழும். பெயின்ட் அடித்த பலகை இன்னும் மோசம்.

குழி போடத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 18 அடி நீளம், 6 அடி அகலம், ஆழம் ஒரு அடிக்குள். மாலையில் இறங்குவதென்றால் காலையிலேயே பற்றவைக்க வேண்டும். சுவாலை அடங்கியதும் நீளக் கழியால் அடித்து உடைத்து, கொள்ளிக்கட்டைகளை ஒன்று விடாமல் வெளியே இழுத்து, இரண்டு மூன்று விரற்கடைக்கு மேல் நிற்காமல் சமமாகப் பரப்ப வேண்டும். ஒரு பக்கம் குவிந்திருந்தால் கால் புதையும், புதைந்தால் மேல்பாதம் வெந்துவிடும். அங்கே தோல் மெல்லியது. ஓடக் கூடாது. ஓடினால் விரல் குத்தி உள்ளே இறங்கும், பின்னால் வருபவர் மேல் கங்கு தெறிக்கும். தட்டையாக வைத்து, ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். துடைத்த காலோடு!

பங்சார்வாசி:
இவ்வளவு எழுதியும் ஈரத்துக்குப் பதில் இல்லை. ஈரம் ஆவியாகச் சூட்டை எடுத்துக்கொள்ளும். அடிப்படை இயற்பியல்.

கங்குக்காரன்:
துடைத்தபின் மிஞ்சுகிற வியர்வையே அதற்குப் போதும். சொட்டுகிற ஈரம் கங்கை ஒட்டவைக்கும். மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன், ஒட்டும்.

மருந்துப்பெட்டி:
முதலுதவிக் கூடாரத்துக்கு வருகிறவர்களில் பலருக்குக் காயம் குழியின் நடுவில் இல்லை, கடைசி இரண்டடியில்தான். பால்குழியில் இறங்கியவர் அங்கேயே நின்று கும்பிடுவார், பின்னால் வந்தவர் கங்கின் மேல் காத்து நிற்பார். பால்குழிக்கு இருபுறமும் இரண்டிரண்டு பேரை நிறுத்தி இழுத்துவிட்டாலே பாதிக் காயம் குறையும். இன்னொன்று, நீண்டநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களை இறக்காதீர்கள். சுடுவது தெரியாமல் நிற்பார்கள். சுட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம். பற்பசை, மஞ்சள், மை எதையும் தடவாதீர்கள்.

வேப்பிலை:
பார்த்தீர்களா, மருந்துப்பெட்டியே காயம் கடைசியில் என்கிறார். வாசலில் இருக்கும் மஞ்சள்நீர் என்ன செய்தது?

கங்குக்காரன்:
வாசலில் ஒட்டியது கடைசியில்தான் தெரியும் அக்கா. நின்றால்தானே வலி ஏறும்.

உறுமிச்சத்தம்:
கடைசியில் ஆட்கள் நிற்பதற்கும் மேளம்தான் காரணம் என்று யாராவது சொல்லப்போகிறீர்கள், அதற்கு முன் சொல்லிவிடுகிறேன். உறுமி இல்லாமல் அருள் வராது.

கங்குக்காரன்:
நீங்களே கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். குழி வாசலை அடைத்து நின்று உறுமியைத் தேய்த்தால் தொண்டர் ஊதும் விசில் எவருக்குக் கேட்கும்? தப்பு மேளத்தின் தோல் தொய்ந்தால் காய்ச்சுவதற்குக் குழிக் கங்கை வாரிக்கொண்டு போகிறார்கள். பரப்பிவைத்த மட்டம் அங்கேயே கெட்டது. தென்னை ஓலையைத் தனியே கொளுத்திக் காய்ச்சத் தெரியாதா?

உறுமிச்சத்தம்:
ஈரக் காற்றில் தோல் எப்படித் தொய்யும் என்று அடித்துப் பார்த்தவனுக்குத் தெரியும். ஓலைத் தீ எகிறினால் தோல் கிழியும், கங்குதான் மெதுவாக ஏற்றும். கம்பு வளைக்கத் தெரியாதவர்கள் மேளத்துக்கு விதி எழுத வேண்டாம். இருபது அடி தள்ளி நிற்கச் சொல்வீர்கள், பிறகு சத்தம் வரவில்லை என்று பணத்தைக் குறைப்பீர்கள். போன வருடக் கணக்கு இன்னும் பாக்கி.

பாக்காவ்லோரி:
கட்டைக்கும் பாக்கி இருக்கிறது.

பங்சார்வாசி:
தீமிதி திரௌபதி அம்மனுக்கு உரியது என்றுதான் சொல்வார்கள். மாரியம்மன் கோவிலில் ஏன் குழி என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்காது.

கங்குக்காரன்:
சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவிலில் ஐப்பசியில் நடக்கிறது, திரௌபதிக்குத்தான். ஒரே வளாகத்தில் இருவரும் இருக்கிறார்கள். குழி யாருடையதானாலும் கங்கு ஒட்டும். கால் துடைப்பதற்குப் பதில் சொல்ல முடியாமல் ஏன் தாவுகிறீர்கள்?

வேப்பிலை:
அறிவிப்பில் என்ன எழுதினாலும் இந்த வருடமும் மஞ்சள்நீர் அண்டா வாசலில்தான் இருக்கும். மகளிர் பிரிவு பார்த்துக்கொள்ளும்.

கங்குக்காரன்:
அண்டா இருக்கட்டும். அதற்கும் குழிக்கும் நடுவில் பத்தடிக்குச் சாக்கு விரித்து, இரண்டு பக்கமும் ஆள் நிறுத்துவோம். சாக்கில் அழுத்தித் தேய்க்காமல் ஒரு காலும் குழியில் இறங்காது.

பங்சார்வாசி:
சாக்குத் தூசி காலில் ஒட்டாதா?

கங்குக்காரன்:
உதறிய சாக்கு!