‘மாரிப்பூ’வா, ‘பனிப்பூ’வா? குளிர்காலத்தில் பூக்கும் கற்றாழைக்கு ஒரு பெயர்

அன்புடையீர்,

குளிர்காலத்தில் பூக்கும் கற்றாழையை ‘மாரிப்பூக் கற்றாழை’ எனலாம் என்று முன்னைய மடலில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். சொல் சுருக்கமானது, வாய்க்கும் எளியது. ஆயினும் யாழ்ப்பாணத்தில் வளவொன்றில் இச்செடியை வைத்துப் பார்த்தவன் என்ற முறையில், அந்தப் பெயரை நம்பி வளர்ப்பவரின் செடி முதல் மழைக்கே அழுகிப்போகும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பேசப்படும் செடி அலோ ஆர்போரெசென்ஸ். 1768 இல் பிலிப் மில்லர் இட்ட இப்பெயருக்கு மரம்போல் வளர்வது என்று பொருள். சோற்றுக்கற்றாழை நிலத்தோடு ஒட்டிக் குத்தாக நிற்க, இது தண்டு விட்டுக் கிளைத்து இரண்டு மூன்று மீற்றர் வரை உயரும். பூவும் பெரும்பாலும் செம்மஞ்சள் கலந்த சிவப்பு. தென்னாபிரிக்காவில் மாட்டுப்பட்டிகளைச் சுற்றி இதனை உயிர்வேலியாக நட்டார்கள். நாம் கிளுவைக் கதியால் போடுவது போலக் கிளையை ஒடித்து ஊன்றினால் வேர் பிடித்துவிடும். வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் போட்டு வைக்க வேண்டும், அவ்வளவே.

மாதப் பெயரால் பூவை அழைப்பது தமிழுக்குப் புதிதன்று. நம்மிடம் கார்த்திகைப்பூ இருக்கிறது; தமிழ்நாட்டில் ‘டிசம்பர் பூ’ என்றே ஒன்றைத் தலையில் சூடுகிறார்கள். ஆனால் இச்செடி தன் சொந்த நிலத்தில் பூப்பது யூன், யூலை மாதங்களில். அங்கே அது குளிர்காலம். நமக்கோ சோளகம் வீசும் ஆனி, ஆடி. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வந்தால் அதே செடி மார்கழி, தையை ஒட்டிப் பூக்கிறது. ஆகவே கலைச்சொல்லில் மாதம் நிற்காது, பருவம்தான் நிற்கும்.

எந்தப் பருவம் என்பதில்தான் எனக்கும் நண்பருக்கும் வேறுபாடு. ‘வின்டர்’ என்பதற்கு மாரி என்று எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு என்பதை அறிவேன். எனினும் யாழ்ப்பாணத்தில் மாரி என்றவுடன் மனதில் வருவது குளிர் அன்று, ஐப்பசியில் தொடங்கி ஒழுங்கையெல்லாம் வெள்ளம் நிற்கும் மழை. தென்னாபிரிக்காவின் கிழக்குப் பகுதியில் மழை பெய்வது கோடையில். குளிர்காலம் அங்கே வறண்டது, அந்த வறட்சியில்தான் இக்கற்றாழை பூக்கிறது. ‘மாரிப்பூ’ என்று படிப்பவர் மழைக்கும் பூவுக்கும் முடிச்சுப் போட்டுவிடுவார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதற் கன்றைக் கிணற்றடிக்கு அண்மையில், தட்டையான செம்மண்ணில் நட்டேன். மழை ஓயும்போது இலைகளின் அடி கண்ணாடிபோல் ஊறித் தெரிந்தது. கையால் தொட்டதும் குருத்து முழுதாகக் கழன்று வந்தது, நாற்றம் வேறு. அடுத்ததை முழங்கால் உயர மேட்டில், சுண்ணாம்புக்கற் சல்லியும் மணலும் கலந்து வைத்து, மாரி முடிந்த பின்னரும் நீர் இறைக்காமல் விட்டேன். நான்காம் ஆண்டுத் தையில் இலைக்கக்கத்திலிருந்து விரல் தடிப்பில் ஒரே ஒரு கதிர் எழுந்தது. மொட்டுகள் அடியிலிருந்து நுனி நோக்கி ஒவ்வொரு வரிசையாகத் தலைகவிழ்ந்து விரிய, விரிந்த வரிசைக்கு மேலே காலூன்றி ஒரு தேன்சிட்டு குனிந்து குடித்தது. நமது குளிருக்கு இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது போலும்.

ஆகவே என் முன்மொழிவு ‘பனிப்பூக் கற்றாழை’. பெரும்பொழுது ஆறனுள் மார்கழியும் தையும் முன்பனி; மாரி கழிந்து வானம் வெளுத்த பின் வரும் பருவம் அதுவே. பனி என்றால் புலம்பெயர்ந்தோர் வெண்பனியை எண்ணுவார்களே என்று கேட்கலாம். ‘பனியில் நில்லாதே, தடிமன் பிடிக்கும்’ என்று கேட்டு வளர்ந்த யாருக்கும் அந்த மயக்கம் நீடிக்காது. ‘பனிமலர்’ இன்னும் அழகுதான், ஆனால் அப்பெயரில் எத்தனையோ பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

குறைந்த நீரில் வாழும் இத்தகைய செடிகளை வைத்து அமைக்கும் தோட்டத்துக்கு வழங்கும் ‘வறட்சித் தோட்டம்’ என்ற சொல்லிலும் இதே தண்ணீர்ச் சிக்கல் இருக்கிறது. நமக்குத் தோட்டம் என்பது கிணற்றிலிருந்து இறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்யும் நிலம். ‘வறட்சித் தோட்டம்’ என்று ஓர் உரும்பிராய்க் கமக்காரரிடம் சொன்னால், பயிர் கருகிவிட்டதோ என்று இரக்கப்படுவார். வீட்டைச் சூழ்ந்த நிலத்துக்கு வளவு என்ற சொல் இருக்க, ‘வறள்வளவு’ என்று அமைத்தால் பொருளும் தெளியும், ஓசையும் இணங்கும்.

அகராதிக்கு நான் எழுதும் வரைவிலக்கணம் இது: “பனிப்பூக் கற்றாழை: குளிர்ந்த பருவத்தில் பூக்கும் கற்றாழை வகை, வறள்வளவுக்கு ஏற்றது, மாரியில் நீர் தேங்காத மேட்டில் நடப்படுவது.” ‘பனிப்பூக்கற்றாழை’ எனச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதை இலக்கணம் அறிந்தோர் முடிவு செய்யட்டும்.