டியூக் 200-க்கு வீட்டில் எந்த ஸ்டாண்ட்? பேடாக், சிசர் ஜாக், ரேம்ப்

சிங்காநல்லூர்_செயின்:
வணக்கம். என் வண்டி 2018 டியூக் 200. சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. அப்பாவோட ஸ்ப்ளெண்டரை ஸ்டாண்ட் போட்டு உட்கார்ந்தா, சக்கரத்தைச் சுத்திச் சுத்தி அரை மணி நேரத்துல செயின் வேலை முடிஞ்சிடும். டியூக்குல ஓரடி உருட்டணும், துடைக்கணும், மறுபடி உருட்டணும். மழைக்காலத்துல இது பெரிய ரோதனை.

நானே செய்ய நினைக்கிற வேலைகள்: செயின், பின் பிரேக் பேட், டயர் மாத்த சக்கரத்தைக் கழற்றிக் கடைக்கு எடுத்துட்டுப் போறது, அடுத்த வருஷம் கோன் செட் (ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங்) மாத்துறது. இடம் அபார்ட்மெண்ட் பார்க்கிங், தரை டைல்ஸ். கூடப் பிடிக்க ஆள் இல்லை. ஐயாயிரம் வரைக்கும் செலவு பண்ணலாம். ஆன்லைன்ல ஒரு சிசர் ஜாக் (திருகினா கத்தரி மாதிரி விரிஞ்சு அடியிலிருந்து தூக்குறது) பார்த்தேன், 450 கிலோ தாங்கும்னு போட்டிருக்கு. எல்லா வேலைக்கும் அது ஒண்ணே போதுமா?

ரேம்ப்_ரசிகன்:
முடிஞ்சா ஹைட்ராலிக் ரேம்ப், அதாவது வண்டியை மேல ஏத்தி உயர்த்துற மேடை, வாங்குங்க ப்ரோ. குனிஞ்சு குனிஞ்சு வேலை செஞ்சா முதுகு போயிடும். நின்னுக்கிட்டே எல்லாம் பண்ணலாம்.

பழைய_பட்டறை:
தம்பி, சிசர் ஜாக் வேண்டாம். எடை பிரச்சினையே இல்லை. உங்க வண்டி எப்படிப் பார்த்தாலும் 150 கிலோ அளவுதான், 450 கிலோ தாங்குற ஜாக் விளையாட்டா தூக்கிடும். ஆனா எதைப் பிடிச்சுத் தூக்கும்? ஒரு தடவை தரையில படுத்து வண்டிக்கு அடியில பாருங்க. உங்க 2018 டியூக் 200-ல சைலன்சர் எஞ்சினுக்குக் கீழேயே இருக்கு. ஜாக்கோட தட்டு முதல்ல தொடுறது அந்தத் தகரத்தைத்தான். அதுல பாரம் ஏறினா சைலன்சர் நசுங்கும், பைப் மவுண்ட் விட்டுப்போகும். இரண்டு பக்கமும் ஃபிரேம் பைப் கீழே இறங்கி வர்ற வண்டிகளுக்கு அது அருமையான ஜாக். உங்களுக்கு இல்லை.

பட்டறையில என் கிட்ட வேலை கத்துக்க வர்ற பசங்களுக்கு முதல் நாளே சொல்ற விதி ஒண்ணு: எதைக் கழற்றப் போறோமோ, அது மேல வண்டி நிக்கக் கூடாது. உங்க வேலைகளை அப்படிப் பிரிச்சுப் பாருங்க.

செயின், பின் பேட், பின் சக்கரம், இது மூணுக்கும் பின்பக்க பேடாக் ஸ்டாண்ட் (பின்னாலிருந்து நெம்பி பின் சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்குற சக்கரம் வச்ச ஸ்டாண்ட்) போதும். அதுல இரண்டு வகை. ரப்பர் தட்டு வச்சு ஸ்விங்ஆர்முக்கு (பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கை) அடியில தாங்குறது ஒண்ணு. ஸ்விங்ஆர்ம்ல இரண்டு பக்கமும் ஸ்பூல்ங்கிற உருளைக் குமிழை முடுக்கி, கொக்கியில மாட்டித் தூக்குறது இன்னொண்ணு. தனியாளா செய்யறவங்க ஸ்பூல் வகைதான் வாங்கணும். ரப்பர் தட்டு, தூக்குற நேரத்துல ஒரு பக்கம் நழுவினா தடுக்க எதுவும் இல்லை. ஸ்பூல் திரெட் எம்6, எம்8, எம்10னு வண்டிக்கு வண்டி மாறும். கடைக்காரர் வாயால சொல்றதை எடுத்துக்காம, வண்டியைக் கொண்டுபோய், விரலால லேசாத் திருகினா கடைசி வரை உள்ளே போகுதான்னு பார்த்து வாங்குங்க. அலுமினிய ஸ்விங்ஆர்ம், திரெட் போனா செலவு.

கோன் செட்டுக்கு வருவோம். நிறைய பேர் தடுமாறுற இடம் இது. முன்பக்க ஸ்டாண்டும் இரண்டு வகைதான். ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற இரட்டைக் குழாய்) அடியைத் தாங்குற ஸ்டாண்ட்ல முன் சக்கரம் கழற்றலாம், ஃபோர்க்கைக் கழற்ற முடியாது. ஸ்டீரிங் தண்டோட ஓட்டையில இரும்பு முளை செருகித் தூக்குற ஹெட்லிஃப்ட்ல ஃபோர்க்கைக் கழற்றி ஆயில் சீல் மாத்தலாம். ஆனா கோன் செட்டுக்கு அந்தத் தண்டையே உருவணுமே! அப்போ அதுவும் உதவாது. ஃபிரேமை மேலேயிருந்து பட்டையால கட்டித் தொங்கவிடணும், இல்லைன்னா சைலன்சரை முதல்ல கழற்றிட்டு, ஆயில் வடிக்கிற போல்ட்ல படாம எஞ்சினுக்கு அடியில பலகை கொடுத்துத் தாங்கணும். வருஷத்துல ஒரு தடவைகூட வராத வேலை அது. அந்த ஒரு நாளுக்குப் பட்டறைக்கு விடுங்க, அதுக்காக ஸ்டாண்ட் வாங்காதீங்க. மோனோஷாக் (பின்பக்க ஒற்றை ஷாக் அப்சார்பர்) கழற்றுறதா இருந்தாலும் இதே கதை, பேடாக்ல வச்சுக் கழற்றினா பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துடும்.

ரேம்ப் சொன்ன தம்பிக்கு: ரேம்ப் வண்டியைத்தான் உயரத்துக்குக் கொண்டுபோகும், சக்கரம் ரேம்ப் தட்டு மேலதான் நிக்கும். சக்கரம் சுத்தணும்னா அதுக்கு மேலயும் ஒரு பேடாக் வேணும். அபார்ட்மெண்ட்ல ஒரு கார் நிக்கிற இடத்துல பாதியை அது தின்னுடும்.

சிங்காநல்லூர்_செயின்:
ரொம்ப நன்றி அண்ணா. சைலன்சர் விஷயம் எனக்குத் தோணவே இல்லை. தனியா ஏத்துறப்ப வண்டி வலப்பக்கம் சாஞ்சுடுமோன்னுதான் பயம். வெல்டிங் கடையில செய்யச் சொன்னா மலிவா முடியுமா?

பழைய_பட்டறை:
வலப்பக்கம் சுவர் இருக்கிற மாதிரி, ஒரு கை நீளம் விட்டு நிறுத்துங்க. ஹேண்டில் நேரா இருக்கணும், கியர் நியூட்ரல். முன் பிரேக் லீவரை வெல்க்ரோ பட்டையால கட்டிடுங்க. சைடு ஸ்டாண்டை மடக்காதீங்க, விரிச்சபடியே இருக்கட்டும். பின்னால நின்னு, முதல்ல இடப்பக்கக் கொக்கி ஸ்பூலைத் தொடட்டும். இடக்கையால பின் கைப்பிடியை இழுத்து வண்டியை நிமிர்த்துங்க, வலப்பக்கமும் மாட்டும். இரண்டும் உட்கார்ந்துடுச்சான்னு கண்ணால பார்த்த பிறகுதான் ஸ்டாண்டை அழுத்தணும். கைபலம் வேண்டாம், உடம்பு எடையைக் கொடுங்க. இறக்குறப்ப சைடு ஸ்டாண்ட் விரிஞ்சிருக்கான்னு மறுபடி பாருங்க.

டைல்ஸ் மேல நேரா வைக்காதீங்க, செயினுக்கு அடிக்கிற எண்ணெய் சொட்டினா வழுக்கும். மெத்து மேட்டும் ஆகாது, ஸ்டாண்ட் சக்கரம் புதைஞ்சு உருளாது. அடியில ரப்பர் ஷீட் ஒட்டின பிளைவுட் துண்டு நல்லது.

வெல்டிங் கடையில செய்யலாம், நம்ம கோயம்புத்தூர்ல அதுக்கு ஆள் பஞ்சமில்லை. ஆனா ஒரு கணக்கு இருக்கு. ஏத்தி முடிச்ச நிலையில, கொக்கி தாங்குற புள்ளி ஸ்டாண்ட் சக்கரத்தைத் தாண்டி, சக்கரத்துக்கும் தரையில உட்காரும் கைப்பிடி முனைக்கும் நடுவுல விழணும். சக்கரத்துக்கு நேர் மேலேயே நின்னா லேசா இடிச்சாலே ஸ்டாண்ட் திரும்பி எழுந்துக்கும். மாதிரிக்கு நல்ல ஸ்டாண்ட் ஒண்ணு கையில இல்லாம செய்யச் சொல்லாதீங்க. ரெடிமேடே உங்க பட்ஜெட்ல தாராளமா கிடைக்கும்.

இன்னொண்ணு, இதைக் கண்டிப்பா கேளுங்க. சக்கரம் தூக்கினதும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கியர் போட்டு ஓட விட்டு, செயின்ல துணி பிடிக்கிற வீடியோ நிறைய சுத்துது. செயினும் ஸ்ப்ராக்கெட்டும் (பல் சக்கரம்) சேர்ற இடத்துல துணி மாட்டினா விரலும் சேர்ந்து போகும். எஞ்சின் ஆஃப், சாவி பாக்கெட்ல, சக்கரத்தைக் கையாலதான் சுத்தணும்.

கரூர்_டூர்:
ஒரு சந்தேகம் அண்ணா. செயின் தொய்வையும் பேடாக்ல வச்சே அளக்கலாமா?

பழைய_பட்டறை:
மானுவல்ல எந்த நிலையில அளக்கச் சொல்லியிருக்கோ அதுலதான். சென்டர் ஸ்டாண்ட்ல பின் சக்கரம் தொங்கும், சஸ்பென்ஷன் முழுசா நீண்டிருக்கும். பேடாக்ல பாரம் ஸ்விங்ஆர்ம் மேலேயே இருக்கு, சஸ்பென்ஷன் அமுங்கித்தான் இருக்கும். இரண்டுலயும் தொய்வு ஒண்ணா வராது. சக்கரத்தைச் சுத்தி நாலைஞ்சு இடத்துல பாருங்க, செயின் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தேயாது. ரொம்ப இறுக்கமா இருக்கிற இடத்தை வச்சு செட் பண்ணுங்க.